கூலியும் பங்கும்: தமிழ்க் காதல், குடும்ப நாவலாசிரியர்களின் வருவாய் வரலாறு (வட ஆர்க்காட்டுச் சான்றுகளை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் மிகுதியாகப் படிக்கப்பட்டவை காதலையும் குடும்பத்தையும் பொருளாகக் கொண்ட நாவல்களே. ஆனால் அவற்றை எழுதியவர்களுக்குப் பதிப்பகங்களிலிருந்து என்ன கிடைத்தது என்பது இலக்கிய வரலாறுகளில் பெரிதும் பேசப்படாத பொருளாகவே உள்ளது. நாவலாசிரியரின் வருவாயை ‘கூலி’, ‘பங்கு’ என்னும் இரு முறைகளாகப் பகுத்து நோக்கும் இக்கட்டுரை, அதற்குரிய முதன்மைச் சான்றுகளைப் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தோடு தொடர்புடைய எழுத்தாளர்களிடமிருந்து பெறுகிறது. நூல் எத்தனை படிகள் விற்றது என்பதைவிட, விற்பனைக்கான வாயில் யார் கையில் இருந்தது என்பதே வருவாயைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நாவல், பதிப்புரிமை, உரிமைத்தொகை, மாத நாவல், மு. வரதராசன், வட ஆர்க்காடு, நாட்டுடைமை.

முன்னுரை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்திலுள்ள ஒடுகத்தூரை நடுவிடமாகக் கொண்டு நோக்கினால், மேற்கே ஆம்பூரும், தென்மேற்கே திருப்பத்தூரும், கிழக்கே ஆரணியும், வடகிழக்கே வாலாசாவும் அமைகின்றன. 1989 வரை இவை யாவும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்துள் அடங்கியிருந்தன. அவ்வாண்டில் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டமும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. இன்று நான்கு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் இந்நிலப்பகுதியை வெளியுலகம் தோல் தொழிலின் வழியாகவே அறியும். நாவலோடு அதற்குள்ள உறவு அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. ஆயினும் தமிழ் வெகுமக்கள் நாவலின் முதல் தலைமுறையில் முன்னின்ற ஆரணி குப்புசாமி முதலியாரும், நாவல் வாசிப்பைப் பரப்பிய ‘ஆனந்தபோதினி’யைத் தொடங்கிய நாகவேடு முனுசாமி முதலியாரும் தம் பெயரிலேயே இப்பகுதியின் ஊர்களைத் தாங்கியவர்கள். கல்லூரி மாணவரிடையே நாவலைக் கொண்டுசேர்த்த மு. வரதராசன் திருப்பத்தூரில் பிறந்து, வாலாசாவை அடுத்த வேலத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்.

இப்பகுதியின் தோல் தொழில் நமக்கு இரண்டு சொற்களைத் தருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் சொந்தத்தில் தோல் வாங்காமல், பிறர் கொண்டுவரும் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தரும் சிறு டேனரிகள் உண்டு. வேலை ஒன்றே, ஆனால் சந்தையில் விலை ஏறினால் ஆதாயம் தோலுக்குரியவருக்கு, இறங்கினால் நட்டமும் அவருக்கே. பதனிட்டவருக்குப் பேசிய கூலி மட்டும். நாவல் எழுதியவரின் வருவாயும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. கையெழுத்துப்படிக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு விலகுவது கூலி. விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்கும் தொகையைப் பெறுவது பங்கு. உரிமைத்தொகை, சொந்தப் பதிப்பு, சொந்த இதழ் ஆகியன பங்கின் வெவ்வேறு அளவுகள்.

உத்தியோகமும் எழுத்தும்

முதல் நாவலாசிரியர்களுக்கு இச்சிக்கல் எழவில்லை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீபாகப் பணியாற்றியவர். அ. மாதவையா உப்பு, ஆயத்தீர்வைத் துறை அலுவலர். பணியிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்று, சொந்த அச்சகமும் ‘பஞ்சாமிர்தம்’ இதழும் கண்டார். இவர்களுக்குச் சோறிட்டது சர்க்கார் சம்பளம். நாவல் அவர்களுக்குக் கருத்தைச் சொல்லும் கருவியேயன்றிப் பிழைப்பு அன்று.

பிழைப்பாக நாவலைக் கொண்ட தலைமுறை 1910களில் தோன்றுகிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் விரிவாகக் காட்டும் வாசகப் பெருக்கம் இக்காலத்ததே. புரவலரிடமிருந்து சந்தைக்கு எழுத்து நகர்ந்த இந்தக் கட்டத்தில்தான் ‘ஒரு நாவலுக்கு எவ்வளவு?’ என்னும் கேள்வி பொருள் பெறுகிறது.

ஆரணி குப்புசாமி முதலியார் (இறப்பு 1925) ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தவர். ‘இரத்தினபுரி இரகசியம்’ போன்ற பல பாக நூல்களில் ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸின் இலண்டன், தமிழ் ஊராகவும் தமிழ்க் குடும்பமாகவும் உருமாறியது. அவை துப்பறியும் கதைகள் என்று வகைப்படுத்தப்பட்டாலும், பிரிந்த காதலர் கூடுவதும், கெடுக்கப்பட்ட குடும்பம் மீள்வதுமே அவற்றின் உள்ளோட்டம். ரெயினால்ட்ஸ் 1879இலேயே மறைந்துவிட்டதால் தழுவலுக்குப் பணம் கேட்க ஆளில்லை என்பது அன்றைய பதிப்பாளர்களுக்கு வாய்த்த வசதி. 1915இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’யில் குப்புசாமி முதலியார் ஆசிரியராக இருந்தார், இதழ் முனுசாமி முதலியாருடையது. எழுதுபவர் ஒருவர், விற்கும் வாயிலை உடையவர் மற்றொருவர். இருவரும் ஒரே மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களைத் தாங்கியிருந்தும், தொழில்முறையில் அவர்கள் நின்ற இடங்கள் வேறு.

இதன் மறுபக்கத்தை வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரிடம் (1880–1942) காணலாம். வருவாய்த்துறைப் பணியைத் துறந்து எழுத வந்த அவர், பிறர் இதழில் எழுதிக் கூலி பெறுவதோடு நிற்கவில்லை. ‘மனோரஞ்சனி’ என்னும் மாத வெளியீட்டைத் தாமே நடத்தி, அதன் வழி நாவல்களை நேரே வாசகரிடம் கொண்டுசென்றார். அவருடைய ‘மேனகா’ நாடகமாகி, 1935இல் திரைப்படமும் ஆயிற்று. ஒரே கதை மூன்று சந்தைகளில் புழங்கிய தொடக்ககாலச் சான்றுகளுள் அது ஒன்று. உரிமை என்பது அச்சிட்ட தாளோடு முடிவதில்லை என்பதைத் தமிழ்ப் பதிப்புலகம் அப்போதே பார்த்துவிட்டது.

இதழே கருவூலம்

பங்கு முறையின் முழுமையான வடிவத்தை அமைத்தவர் வை. மு. கோதைநாயகி (1901–1960). நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை 1925இல் ஏற்று, முதல் நாவலான ‘வைதேகி’யை அதிலேயே தொடராக வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் அவ்விதழின் வழியே வந்தன. தொடராக வரும்போது சந்தா. தொடர் முடிந்ததும் அதே கதை நூல். நூலுக்கான விளம்பரம் அடுத்த மாத இதழில், செலவின்றி. பின்னர் அச்சகமும் சொந்தமாயிற்று. எழுத்து, அச்சு, விளம்பரம், விற்பனை என்னும் நான்கு கண்ணிகளும் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருந்ததை அக்காலச் சூழலில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் முறைப்படி பள்ளி சென்றவரும் அல்லர்.

கல்கியின் வாழ்க்கையில் இரு முறைகளும் அடுத்தடுத்து அமைகின்றன. ‘ஆனந்த விகடன்’ காலத்தில் அவர் சம்பளம் பெற்ற ஆசிரியர். 1941இல் விலகி, டி. சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’யைத் தொடங்கியபோது அதற்குரிய முதல், ‘சாவித்திரி’ படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்துப் பெற்ற ஊதியத்திலிருந்து வந்தது. தமிழின் பெரும் தொடர்கதைகள் பலவற்றைத் தாங்கிய இதழ் ஒன்று, ஒரு பாடகியின் நடிப்பு ஊதியத்தில் முளைத்தது. பங்குக்கு ஆசைப்படுபவரிடம் முதல் இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதல் இல்லாதவர் நிலை வேறு. ‘லக்ஷ்மி’ என்னும் பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த போர்க்காலத்தில், வீட்டிலிருந்து கட்டணம் வருவது அரிதாயிற்று. அவர் ‘விகடன்’ எஸ். எஸ். வாசனை அணுகித் தொடர்கதை எழுத வாய்ப்புப் பெற்றார்; அவ்வூதியம் படிப்பை முடிக்க உதவியது. இங்கே அவருக்குப் பயன்பட்டது கூலியே. கல்லூரிக் கட்டணத்தின் கெடு, இரண்டாம் பதிப்பு விற்றுத் தீரும்வரை காத்திராது. கூலி முறையை வெறும் சுரண்டல் என்று ஒதுக்குவோர் இந்நிகழ்வை நினைவிற்கொள்ளுதல் நலம்.

திருப்பத்தூரிலிருந்து ‘தாயகம்’ வரை

மு. வரதராசன் (1912–1974) பள்ளிப்படிப்புக்குப் பின் திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தராகச் சிலகாலம் இருந்தார். 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாகத் தேறியமைக்குத் திருப்பனந்தாள் மடத்தின் 1000 ரூபாய்ப் பரிசைப் பெற்றார். திருப்பத்தூர் நகராட்சிப் பள்ளி ஆசிரியராயிருந்து, 1939இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அவர் எழுதிய நாவல்களில் காதல் ஒதுக்கிவைக்கப்படவில்லை. ‘செந்தாமரை’யும் ‘கள்ளோ காவியமோ’வும் அதனையே நடுவாகக் கொண்டவை. சாகித்திய அகாதெமி விருது (1961) பெற்ற ‘அகல் விளக்கு’ வாலாசாவில் தொடங்குகிறது.

இக்கட்டுரைக்கு முதன்மையானது அந்நூல்களின் முகப்பிதழ். அவற்றில் ‘தாயக வெளியீடு’ என்றும், ‘விற்பனை உரிமை: பாரி நிலையம்’ என்றும் அச்சாகியிருக்கும். இவ்விரு வரிகளும் ஒரு பொருளாதார ஏற்பாட்டைச் சொல்கின்றன. பதிப்பு ஆசிரியருடையது; பாரி நிலையத்துக்கு விற்கும் உரிமை மட்டுமே. அதாவது தாளுக்கும் அச்சுக்கும் கட்டுக்கும் பணம் இடுபவர் ஆசிரியர். விற்பனையாளர் தம் கழிவை எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் தருபவர். வழக்கமான உரிமைத்தொகை ஒப்பந்தத்தில் இவ்வுறவு தலைகீழாக இருக்கும். அதே மு.வ.வின் திருக்குறள் தெளிவுரை (1949) சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழக வெளியீடாக வந்தது. ஒரே எழுத்தாளர் ஒரு நூலைப் பதிப்பகத்தாரிடம் கொடுத்து, நாவல்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். எது நெடுநாள் நின்று விற்கும், எதற்குப் பெரும் விற்பனை வலை வேண்டும் என்பதை அவர் தனித்தனியே எண்ணியிருக்க வேண்டும் என்றே கருதத் தோன்றுகிறது.

இவ்வேற்பாட்டின் அளவை விளக்க ஒரு கற்பனைக் கணக்கைக் காணலாம். 200 ரூபாய் விலையில் 1000 படிகள் அச்சாகின்றன என்று கொள்வோம். தமிழ்ப் பதிப்புலகில் பரவலாகச் சொல்லப்படும் 10 சதவீத உரிமைத்தொகைப்படி, அத்தனையும் விற்றால் ஆசிரியருக்கு 20,000 ரூபாய். அதே நூலை ஆசிரியரே அச்சிட்டு, படி ஒன்றுக்கு 60 ரூபாய் செலவிட்டு, விற்பனையாளருக்கு 35 சதவீதம் கழிவு தந்தால், கையில் நிற்பது 70,000 ரூபாய். மும்மடங்குக்கும் மேல். ஆனால் 400 படிகளே விற்றால் என்னாகும்? உரிமைத்தொகை பெறுபவருக்கு அப்போதும் 8,000 ரூபாய் வரவு. சொந்தமாக அச்சிட்டவருக்கு வரவு 52,000, செலவு 60,000. 8,000 ரூபாய் நட்டம். எஞ்சிய 600 படிகள் வீட்டு அலமாரியில்.

கல்லூரி ஊதியம் இருந்ததால் மு.வ. அந்நட்டத்தைத் தாங்கும் நிலையில் இருந்தார். மாதவையாவுக்கு ஓய்வூதியமும், கோதைநாயகிக்குக் கணவரின் துணையும் இருந்தன. பங்கு கைக்கு வரும்வரை காத்திருக்க வசதி உள்ளவரே பங்குக்கு உரியவராயினர். தோல் விலை ஏறட்டும் என்று சரக்கைக் கிடங்கில் வைத்திருக்க எவரால் முடியுமோ அவருக்கே அவ்வேற்றத்தின் ஆதாயம் என்பதில் ஆம்பூர் வணிகர் எவருக்கும் ஐயம் இராது.

மாத நாவல்

1969இல் ‘ராணி முத்து’ அகிலனின் ‘பொன்மலர்’ நாவலோடு தொடங்கியபோது, முழு நாவல் ஒன்று மாத இதழின் விலையில் பேருந்து நிலையக் கடைக்கு வந்தது. தொடர்ந்து ‘மாலைமதி’யும், 1980களில் ஜி. அசோகனின் ‘பாக்கெட் நாவல்’ வரிசையும் பெருகின. ஒடுகத்தூர் போன்ற சிற்றூர்களுக்குப் புத்தகக் கடை வராவிடினும் பேருந்து வந்தது. பேருந்தோடு செய்தித்தாள் கட்டில் மாத நாவலும் வந்தது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் துப்பறியும் கதைகளோடு, காதலும் இல்லறமும் பேசும் நாவல்களுக்கும் இவ்வாயில் திறந்தது. வாசகப் பரப்பு தமிழ் நாவல் அதுவரை கண்டிராத அளவுக்கு விரிந்தது.

வருவாய் முறையோ பழைய இடத்துக்கே திரும்பியது. மாத நாவலில் வழக்கம் ஒரு நாவலுக்கு ஒரு தொகை. பக்கங்களும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. கெடு தேதியும் அவ்வாறே. ஆகவே வருவாயைப் பெருக்க எழுத்தாளருக்கு இருந்த வழி ஒன்றுதான்: இன்னும் அதிகமாக எழுதுவது. ராஜேஷ்குமாரின் படைப்புகள் ஆயிரத்தைத் தாண்டியதை வியப்போடு மட்டும் நோக்குவது போதாது. எண்ணிக்கைக்குக் கூலி தரும் எந்தத் தொழிலிலும் எண்ணிக்கையே பெருகும். ஆம்பூர் வட்டாரத்தில் ஷூவின் மேற்பகுதியை வீட்டில் வைத்துத் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி. அவர்கள் நாள் முழுதும் உழைத்த நேரம் கணக்கில் வராது, ஜோடிகளே வரும். சமையலுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் எழுதிய பெண் நாவலாசிரியர்களின் உழைப்புக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கூலி அளவில் இரண்டும் ஒன்று என்று இங்குக் கூறவில்லை. கணக்கிடும் முறையே ஒத்திருக்கிறது.

ரமணிசந்திரன் (பிறப்பு 1938) இவ்வமைப்பில் தனித்து நிற்கிறார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள், பெரும்பாலும் காதல் திருமணத்தில் முடிபவை. தமிழில் மிகுதியாக விற்கும் ஆசிரியர்களுள் ஒருவர். இதழில் வந்த அவர் கதைகள் அருணோதயம் பதிப்பகத்தின் நூல்களாகித் திரும்பத் திரும்ப அச்சாகின்றன. ஒருமுறை படித்து எறியப்படும் என்று திறனாய்வாளர்கள் கருதிய வகை, மறுபதிப்புகளால் வாழ்ந்தது. மறுபதிப்பு இருக்கும் இடத்தில்தான் கூலிக்கும் பங்குக்குமான வேறுபாடு பெருந்தொகையாக மாறுகிறது.

எனினும் மறுபதிப்புக் கணக்கில் சேராத வாசிப்பும் உண்டு. வாடகை நூல் நிலையத்தில் ஒரே படி நூறு வீடுகளுக்குச் செல்லும். ஆசிரியருக்குச் சேர்வது அந்த ஒரு படிக்கான தொகையே. பொது நூலகத்திலும் அவ்வாறே. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம் (1948); நூலகத்துக்கு நூல் வாங்கும் ஆணை பதிப்பாளர்களுக்குப் பெருந்துணையாக அமைந்தது. ஆனால் இரவல் ஒவ்வொன்றுக்கும் ஆசிரியருக்குத் தொகை தரும் முறை இங்கு ஏற்படவில்லை. டென்மார்க் 1946இலும், பிரிட்டன் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியும் அதனை ஏற்படுத்தின. நூலகங்களில் மிகுதியாக இரவல் பெறப்பட்ட கேத்தரின் குக்ஸன் போன்றோர் அதனால் பயன்பெற்றனர். இரவலால் வாழும் இவ்வகை நாவலுக்கே தமிழ்நாட்டில் அது மிகத் தேவைப்பட்டது.

உரிமையின் எழுத்து

உலகின் மிகப் பெரிய காதல் நாவல் நிறுவனமான ஹார்லெக்வின்மீது 2012இல் அதன் ஆசிரியர்கள் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தனர். மின்னூல் வரவில் பாதி ஆசிரியருக்கு என்று ஒப்பந்தம் கூறியது. நிறுவனமோ உரிமையைத் தன்னுடைய கிளை நிறுவனத்துக்கே விலையில் 6 முதல் 8 சதவீதத்துக்கு அளித்து, அச்சிறு தொகையில் பாதியைத் தந்தது என்பது குற்றச்சாட்டு. ஆசிரியர் கைக்கு வந்தது விலையில் 3, 4 சதவீதம். 2016இல் 41 இலட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. பங்கு என்று எழுதப்பட்டதைக் கூலியின் அளவுக்குக் குறைக்கவும் வழி உண்டு என்பதே இதன் செய்தி. எத்தனை சதவீதம் என்பதோடு, எந்தத் தொகையில் சதவீதம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

தமிழில் அரசும் இவ்வரலாற்றில் ஒரு தரப்பு. எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமையாக்கி, மரபுரிமையருக்கு ஒரு பரிவுத்தொகை அளிப்பது 1949இல் பாரதியின் படைப்புகளில் தொடங்கிய வழக்கம். கோதைநாயகி, கல்கி முதலியோரின் நூல்கள் இவ்வாறு நாட்டுடைமையாயின. நூல்கள் பரவ இது பெரிதும் உதவிற்று என்பதில் ஐயமில்லை. வருவாய் நோக்கில் அது ஒருமுறை தரும் தொகை, அதாவது கூலி முறையே. 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வெளிவந்தபோது பல பதிப்பகங்கள் அந்நாவலைப் போட்டியிட்டு விற்றன. அவ்விற்பனையில் எவருக்கும் உரிமைத்தொகை தரவேண்டிய கடப்பாடு அவர்களுக்கு இல்லை. வாழ்நாளில் இதழ் தொடங்கிய ஒருவரின் நூலுக்கு அமைந்த நிலை இது.

இன்று காதல் நாவல் எழுதும் பெண்கள் பலர் கிண்டிலில் தாமே வெளியிடுகின்றனர். அங்கே அறிவிக்கப்பட்டுள்ள உரிமைத்தொகை விலையில் 35 அல்லது 70 சதவீதம். பிந்தியதைப் பெற இந்திய விற்பனையில் அந்நிறுவனத்துக்கே தனியுரிமை தரவேண்டும். மு.வ.வின் முகப்பிதழில் இருந்த ஏற்பாட்டைப் பெருமளவு ஒத்திருந்தும் ஒரு வேறுபாடு உண்டு: தாயக நூலைப் பாரி நிலையம் தவிர வேறொருவரிடம் விற்பனைக்குத் தர ஆசிரியர் விரும்பினால், அச்சிட்ட படிகளாவது அவருடையவை.

அச்சு நூலைப் பதிப்பகத்துக்குத் தருவோர்க்குப் பதிப்புரிமைச் சட்டம் (1957) சில காப்புகளை அளிக்கிறது. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் அமைந்து, அளிக்கும் தொகையைக் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிடில், வேறாக எழுதப்பட்டிருந்தாலன்றி, அவ்வுரிமை காலாவதியாகும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 18ஆம் பிரிவில் மற்றொன்றைச் சேர்த்தது: உரிமை மாற்றம் செய்த நாளில் வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகம், பெயர் சுட்டிக் குறிப்பிடப்பட்டாலன்றி, அம்மாற்றத்தில் அடங்காது. இவ்விதி அதற்கு முந்திய ஒப்பந்தங்களுக்கும் பொருந்துமா என்பது தனி வாதத்துக்குரியது. பொருந்துமாயின், 1980களில் மாத நாவலுக்கு ஒரு தொகை பெற்றுக்கொண்டு கையொப்பமிட்ட எழுத்தாளர்களின் பழைய பற்றுச்சீட்டுகளை எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும். அவற்றில் மின்னூலும் ஒலிநூலும் இடம்பெற்றிருக்க வழியில்லை.